அலுவலை முடியுங்கோ

தம்பி,

கார்ப் பார்க்கில் வைத்து என்னிடம் ஒன்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. என்னை வாசலில் இறக்கிவிட்டுப் பிறம்ரனில் உன் வீட்டுக்குப் போனவன், அதன்பிறகு ஃபோன் எடுக்கவில்லை. உன்னைக் கட்டப்போகும் தாரணிதான் இடைக்கிடை எடுத்து, சாப்பிட்டீங்களோ அன்ரி என்று கேட்கிறாள். நீ பக்கத்தில் இருக்கும் நாட்களில் அவளுடைய குரல் தாழ்ந்திருக்கும். அதை வைத்து நீ சுகமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இதை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். எல்லோரும் ஏற்கெனவே கதைத்துவிட்டார்கள் என்பதால். கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்தில், பிளாசாவில் மரக்கறிக் கடை வரிசையில், என் முதுகுக்குப் பின்னால் ஒரு சொல் நடக்கிறது. அத்தானைக் காட்டிக் கொடுத்தவள். அத்தான் என்பது என் அக்காவின் கணவர், உனக்குப் பெரியப்பா. போர்க்காலத்தில் ஒரு மாவட்டத்தின் தலைமை அதிகாரி. இப்போது ஐரோப்பாவில் ஒரு நகரத்தில், போர்க்குற்றம் சாட்டப்பட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வயோதிபர். நான் அந்த வழக்கில் ஒரு சாட்சி. பெயர்கள் எழுதவில்லை. எந்தப் பக்கத்து அதிகாரி என்றும் எழுதமாட்டேன். எங்கள் ஆட்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பக்கம் தெரிந்தவுடன் மீதியை வாசிக்காமலே தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார்கள்.

நீ தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு உனக்குத் தந்தது அவ்வளவுதான். களைத்தால் தாரணியை வாசிக்கச் சொல். ஆனால் முழுவதையும் வாசி.

ஒரு சொல்லில் இருந்து தொடங்குகிறேன். அலுவல்.

உன் வாயில் வந்த முதல் முழுத் தமிழ் வசனம் அதுதான் என்று சொல்லி நாங்கள் சிரிப்போம். உன்னைக் கழிவறையில் இருத்திவிட்டு வெளியே நின்று, அலுவல் முடிஞ்சுதோ என்று கேட்பேன். ஒருநாள் நான் உள்ளே இருக்க, நீ கதவைத் தட்டி அதையே கேட்டாய். அக்கா விழுந்து விழுந்து சிரித்தா. பிறகு அது எங்கள் வீட்டு வணக்கம் ஆகிவிட்டது. நீ வேலைக்குப் போகத் தொடங்கியபின், பிறம்ரன் வேர்ஹவுஸில் கடைசி லொறியும் வெளிக்கிட்ட பிறகு எனக்கு எடுப்பாய். ஹலோ இல்லை. அம்மா, அலுவல் முடிஞ்சுதோ? நான் சமையலைச் சொல்லுவேன், வங்கிக்குப் போனதைச் சொல்லுவேன், முழங்காலைச் சொல்லுவேன். கடைக்குப் போவதும் அலுவல். கல்யாணம் பேசுவதும் அலுவல். செத்தவீட்டுக்குப் போய்வருவதும் அலுவல். எதை வேண்டுமானாலும் உள்ளே வைத்து மூடலாம். அவ்வளவு பெரிய சொல். அவ்வளவு வெறுமையான சொல்.

உன் பெரியப்பா அந்தச் சொல்லை மிக மரியாதையாகச் சொல்லுவார்.

அவர் எல்லோருக்கும் ‘ங்கோ’ போடுவார். சாரதிக்கும், கந்தோர் கூட்டுகிறவருக்கும், நாய்க்கும். உனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். ஹொக்கிப் பயிற்சி முடிந்து வரும் உன்னைப் பார்த்து, சப்பாத்தைக் கழட்டுங்கோ, கையைச் சூடாக்குங்கோ என்பார். வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருந்த அதே கட்டடத்தில், இரண்டு மாடி மேலே அவர்கள். பனிக்காலத்தில் அதிகாலைப் பயிற்சிக்கு உன்னைக் கூட்டிப்போக என்னால் முடியாது, எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அப்பா இல்லாத பிள்ளை. அவர்தான் குரங்குத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, உன் பையைத் தூக்கிக்கொண்டு, பஸ் ஏறி வருவார். பயிற்சி பார்க்க வருபவர்கள் உட்காரும் அந்தக் குளிர் வாங்கில் தனியே ஒரு தமிழ் மனிதர். நடுவர் விசிலடித்தால், பாவம் அந்தப் பிள்ளை, அதுவும் தன்ர வேலையைத்தானே செய்யுது என்பாராம். நீ வந்து என்னிடம் கேட்டாய், பெரியப்பா ஏன் எனக்கு ங்கோ போடுறார், நான் என்ன ஐயரோ என்று. பள்ளிக்கூட விழா ஒன்றுக்கு அக்காவின் சேலையைக் கிழியாமல் மடித்து உனக்குத் தலைப்பா கட்டிவிட்டார். கண்ணாடிக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, உங்கட கல்யாணத்துக்கும் நான்தான் கட்டுவன், இப்பவே புக் பண்ணுறன் என்றார். நீ அந்த வாக்கை விடவில்லை. அவரைக் கைதுசெய்த பிறகு கல்யாணத்தைத் தள்ளிவைத்தாய். மண்டபத்துக்காரர் முகத்தைச் சுளித்தார். தாரணியின் தாய் மட்டக்களப்புத் தமிழில் ஒரு பழமொழி சொன்னா. நீ சொன்னாய், அவர் வெளியே வருவார், அவர் வந்துதான் கட்டுவார் என்று.

நீ கண்டது பொய் இல்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும். அந்த மனிதர் நடித்துக்கொண்டு அந்தக் குளிரில் இருக்கவில்லை.

நான் கண்டதை இப்போது எழுதுகிறேன்.

அத்தான் கெட்டிக்காரர். மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, பரீட்சை எழுதி, அந்தப் பகுதியில் முதன்முதல் நிர்வாகத்துக்கு எடுபட்டவர். அக்காவைக் கட்டி வந்தபோது எங்கள் வீட்டில் கதிரை போதாது என்று தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். போர் இறுகியபோது மேலதிகாரிகள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். இவர் போகவில்லை. அதனால் உயர்ந்தார். முதல் வருடம், குண்டு விழுந்த இடத்தில் எடுக்க ஆள் இல்லாத பிணங்களைத் தானே நின்று எடுப்பித்தார். அரிசி லொறிக்கு முன்னால் தன் ஜீப்பை விட்டுக் கூட்டிவந்தார். வீதியில் பெண்கள் கும்பிடுவார்கள். அவருக்குக் கூச்சமாக இருக்கும். நான் பார்த்திருக்கிறேன். என்னைத் தான் வேலைசெய்த கந்தோரில் ரெலிபோன் பலகைக்கு அவர்தான் எடுத்தார். வருகிற அழைப்பை எடுத்து, ஆளைக் கேட்டு, உள்ளே இணைக்க வேண்டும். பழைய பலகை. நான் காதில் மாட்டிய கருவியைக் கழற்றினால் சிலவேளை இணைப்பு அறுந்துவிடும். அதனால் கழற்றமாட்டேன். அவருக்கும் அது தெரியும்.

காதில் இருந்ததால் எனக்கு ஒன்று தெரிந்தது. அவருடைய பேச்சில் ஆட்கள் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். முதலில், அந்தச் சனத்தை என்ன செய்யிறது என்று கேட்பார். பிறகு, அந்த விசயத்தை என்ன செய்யிறது. கடைசியில், அந்த அலுவல். ஒரே ஆட்கள்தான். ஒரே இடந்தான். சொல் மட்டும் மாறியது. ‘ங்கோ’ மாறவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு நெல் களஞ்சியம் இருந்தது. நெல் இல்லை. சந்தேகத்தில் பிடித்தவர்களை அதில் வைத்திருந்தார்கள். அது அவருடைய பொறுப்பு என்று வாசலில் எழுதியிருக்கவில்லை, ஆனால் அவரைக் கேட்காமல் அங்கே பூட்டுத் திறக்காது. எனக்கும் அதற்கும் இருந்த தொடர்பு மத்தியானச் சாப்பாடு. காலையில் சமையலுக்குப் பொறுப்பான மணியக்காவுக்கு எடுத்து, களஞ்சியத்துக்கு எத்தனை பார்சல் என்று சொல்லவேண்டும். அங்கிருந்து வரும் ஆள் தொகையைச் சொல்லுவார், நான் அப்படியே சொல்லுவேன். கூடவே ஒன்று. ஒண்டு உறைப்பில்லாமல். யாருக்கோ வயிற்றுப் புண், மிளகாய் ஆகாது. யாரென்று எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா தெரியாது. ஒவ்வொரு நாளும் சொல்லிச் சொல்லி, அந்த ஆளை எனக்குப் பழக்கம்போல ஆகிவிட்டது. ஒருநாள் மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டு, திரும்பவும் எடுத்துச் சொன்னேன். மணியக்கா பகிடி பண்ணினா, உன்ர மாப்பிள்ளையோடி அங்க இருக்கிறார் என்று.

ஒரு நாள் களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர் அத்தானுக்கு எடுத்தார். இவர்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வாகனம் இல்லை, சண்டை கிட்ட வருகிறது, என்ன செய்கிறது என்று கேட்டார். அத்தானின் பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்.

“இதுகளையெல்லாம் என்னைக் கேக்காதேங்கோ. இண்டைக்கே அலுவலை முடியுங்கோ.”

அவ்வளவுதான். குரல் உயரவில்லை. வைத்துவிட்டார். நான் இணைப்பைக் கழற்றினேன். அந்த நேரத்தில் எனக்கு அது என்னவென்று விளங்கியதா என்று வழக்கில் என்னைக் கேட்டார்கள். விளங்கவில்லை என்றேன். உண்மை. அவர் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்லும் வசனம் அது. எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்லும் வசனம். ஒருவன் செத்தாலும் ஆளின்ர அலுவல் முடிஞ்சுது என்கிறோம், கடிதத்துக்கு முத்திரை ஒட்டினாலும் அலுவல் முடிஞ்சுது என்கிறோம்.

மறுநாள் காலை நான் மணியக்காவுக்கு எடுக்கப் போகும்போது அவர் என் மேசைக்கு வந்தார். கைலேஞ்சியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார், பிள்ளை, களஞ்சியத்துக்கு இனிச் சாப்பாடு வேண்டாம். நான் எடுத்துச் சொன்னேன். மணியக்கா கேட்டா, ஏன், அவையை விட்டாச்சோ? நான் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓம் என்று சொன்னேன். மணியக்கா, அப்பாடா என்றா.

பிறகு என்னை இங்கே அனுப்புவதற்கு ஆளைப் பிடித்ததும் அவர்தான். உன் அப்பாவை எனக்குக் கல்யாணம் பேசியதும் அவர்தான். என்னைத் தூர விலக்க அப்படிச் செய்தாரா, என் உயிரைக் காக்கச் செய்தாரா என்று வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன். இரண்டும் இருக்கலாம். அவர் வேலைகளைச் சேர்த்துச் செய்கிறவர்.

அக்காவும் அவரும் இங்கே வந்து சேர்ந்தபோது நீ நடக்கத் தொடங்கியிருந்தாய். லிஃப்ற்றில் அவரோடு தனியே ஏறும்போதெல்லாம் நாங்கள் சுவாத்தியத்தைப் பற்றிக் கதைத்தோம். இன்றைக்குக் காற்று. நாளைக்குப் பனியாம். கோயில் அன்னதானத்தில் அவர் கரண்டி பிடிப்பார். இலையில் சோறு குறைய விடமாட்டார். இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று குனிந்து கேட்பார். நான் அந்தப் பந்தியில் ஒருநாளும் இருந்ததில்லை. விரதம் என்று சொல்லிவிடுவேன். நீ பகிடி பண்ணுவாய், அம்மாவுக்குக் கிழமையில் எட்டு நாளும் விரதம் என்று.

மகளுக்குப் பிள்ளை பிறந்ததென்று ஐரோப்பாவுக்குப் போனார்கள். அங்கே ஒரு தேரடியில் யாரோ அவரை அடையாளம் கண்டு, பேசாமல் போய் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். மீதி உனக்குத் தெரியும்.

விசாரணைக்காரர்கள் என்னைத் தேடி ஸ்காபரோவுக்கு வந்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டல் ஒன்றில் கூட்ட அறை. மேசையில் தண்ணீர்ப் போத்தல்கள். மொழிபெயர்க்க ஒரு பிள்ளையைக் கொண்டுவந்திருந்தார்கள், கோயம்புத்தூர்ப் பக்கம், மிக நல்ல பிள்ளை. என்னுடைய தமிழ் அவளுக்குப் பாதி பாட்டுப்போலக் கேட்கிறது என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஒரு போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். அன்று ரெலிபோனில் உங்கள் காதில் என்ன விழுந்தது என்று கேட்டார்கள். அந்த வசனத்தை, அவர் சொன்ன மாதிரியே, அந்த ங்கோவோடு, கீழ்க்குரலில் சொன்னேன். இத்தனை வருடத்தில் முதன்முதல் அது என் வாயால் வெளியே வந்தது.

அந்தப் பிள்ளை சற்று யோசித்தாள். அவளுடைய ஊரில் அலுவல் என்றால் அலுவலகத்தோடு ஒட்டிய சொல்லாம். முடியுங்கோ என்றது அவள் காதில் மூடுங்கோ என்று விழுந்திருக்கிறது. சரிபார்க்கத்தான் கேட்டாள்.

“அம்மா, இன்னைக்கே ஆபீஸை மூடிடுங்கன்னு சொன்னாரு. அப்படித்தானே?”

தம்பி, நாங்கள் அலுவலகம் என்று வாயால் சொல்வதில்லை. கந்தோர் என்போம், இல்லையென்றால் ஒப்பீஸ். அதை மூடுவதும் இல்லை, பூட்டுவோம். அத்தான் அப்படிச் சொல்லவேண்டி வந்திருந்தால், கந்தோரைப் பூட்டுங்கோ என்று சொல்லியிருப்பார். இதை அறிய யாழ்ப்பாணத்துப் பள்ளிப்பிள்ளை போதும். அந்த அறையில் அப்படியான ஆள் நான் ஒருத்திதான்.

ஓம் என்று சொன்னேன்.

அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர்கள் கணினியில் தட்டினார்கள். குளோஸ் த ஒப்பீஸ். அந்த அளவு ஆங்கிலம் எனக்குத் தெரியும். என் நெஞ்சில் இருந்த கல்லை யாரோ தெரியாமல் தூக்கிக் கீழே வைத்துவிட்டதுபோல இருந்தது. நான் பொய் சொல்லவில்லை, இல்லையா. நான் உள்ளதைச் சொன்னேன். மொழி பிழைத்தது. வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

முதலில் ஏன் ஓம் என்றேன் என்றுதான் நீ கார்ப் பார்க்கில் கேட்டாய். இதற்குத்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன். பயம் என்று சொன்னால் சுலபம். பயம் இல்லை. அக்காவுக்காக என்றும் முழுவதும் சொல்லமுடியாது. நீ அவரோடு பஸ்ஸில் இருந்து இறங்கும் காட்சி எனக்கு வந்தது. உன் பை அவர் தோளில். அந்தப் படத்தை நான் உன்னிடம் இருந்து பறிக்கவேண்டுமா என்று ஒரு கணம். அந்தக் கணத்தில் அந்தப் பிள்ளை கேட்டுவிட்டாள். என் வாய்க்குப் பழக்கமான பதிலை என் வாய் சொன்னது. முன்பும் ஒருதரம், ரெலிபோனில், ஒருத்திக்கு நிம்மதி கொடுக்க அதே சொல்லைச் சொன்னது.

பிறகு எல்லோருக்கும் சந்தோசம். அத்தானின் வழக்கறிஞர் அக்காவிடம், உங்கள் தங்கையின் வாக்குமூலந்தான் எங்களுக்குப் பலம் என்று சொன்னாராம். அக்கா எனக்கு எடுத்து அழுதா. நீ சொன்னதையே திரும்பச் சொல்லு, கூட ஒண்டும் வேண்டாம் என்றா. நீ என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாய். பெரியப்பா ஒப்பீஸைத்தான் குளோஸ் பண்ணச் சொன்னவர், தற்ஸ் இற் அம்மா, ஆக்கள் சும்மா கதை கட்டுகினம் என்றாய். நானும் அதை மெல்ல மெல்ல நம்பத் தொடங்கினேன் என்றால் நீ நம்புவாயா? அவர் கந்தோரை மூடச் சொன்னார். சண்டை கிட்ட வந்தது, மூடச் சொன்னார். பொருத்தமாகத்தானே இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை உனக்கு நினைவிருக்கும். நீயும் தாரணியும் நானும் பிளாசாக் கடைக்குக் கொத்துரொட்டி வாங்கப் போனோம். வரிசை வாசல்வரை. தட்டுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. தாரணிக்குக் காய்ச்சல் விட்டு வயிறு சரியில்லை. நீ கவுண்டரில் சாய்ந்து, சத்தமாகச் சொன்னாய், அண்ணை மூண்டு, ஒண்டு உறைப்பில்லாமல்.

நான் வெளியே போய்விட்டேன். ஜக்கெற்றை மாட்டவும் இல்லை. பனி கொட்டிக்கொண்டிருந்தது. நீ ஓடிவந்து, என்னம்மா, பிறஷரோ என்று கேட்டாய். மணம் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். காரில் வரும்போது தாரணியின் மடியில் அந்தப் பார்சல் சூடாக இருந்தது. அதன்மேல் அடையாளத்துக்கு ஒரு புள்ளடி போட்டிருந்தார்கள். மணியக்காவும் அப்படித்தான் போடுவா.

அந்த ஆளுக்கு வயிறு எரிந்திருக்கும். கடைசி நாளில் அது ஒரு பொருட்டாக இருந்திருக்காது. எனக்கு யோசனை போனது அதில்தான். யாரோ ஒருவருக்கு உறைப்பு ஆகாது என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டுந்தான் தெரியும். மணியக்காவும் செத்துவிட்டா. கந்தோரை மூடச் சொன்னார் என்று நான் சொன்னால், அந்த ஆள் ஒருநாளும் இருக்கவில்லை என்று ஆகிவிடும்.

சாட்சி சொல்ல நகரத்துக்குள் ஒரு கட்டடத்துக்கு நீதான் கூட்டிப்போனாய். கீழே கோப்பி வாங்கித் தந்து, ஈஸி அம்மா, சொன்னதைத் திரும்பச் சொல்லுங்கோ, அலுவல் முடிஞ்சுது என்றாய். நான் உன் கன்னத்தைத் தொட்டேன். நீ அதை ஆசீர்வாதம் என்று எடுத்தாய். அது நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டது.

உள்ளே ஒரு பெரிய திரை. திரைக்குள் ஐரோப்பாவில் நீதிபதிகள், இங்கே நானும் அதே கோயம்புத்தூர்ப் பிள்ளையும். திரையின் ஓரத்தில் அவர். மெலிந்துபோய். வெள்ளைச் சேட் தோளில் நிற்கவில்லை. காதில் கருவி, மொழிபெயர்ப்புக் கேட்க. என்னைக் கண்டதும் தலையை ஒருதரம் அசைத்தார், கல்யாணவீட்டில் தூரத்தில் இருந்து அசைப்பதுபோல. பின்வரிசையில் அக்காவின் சேலைக்கரை தெரிந்தது. முன்பு சொன்னதை வாசித்துக்காட்டி, இது சரியா என்று கேட்டார்கள்.

“இல்லை. அவர் கந்தோரைப் பூட்டச் சொல்லேல்லை. அலுவலை முடிக்கச் சொன்னவர்.”

இதை நான் உனக்கு எப்படியாவது விளங்கவைக்க வேண்டும். நான் சொல்லி முடித்ததற்கும் அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் தொடங்கியதற்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி. நீதிபதிகள் காத்திருந்தார்கள். அந்தப் பிள்ளை சொல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒருவருக்கும் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கு மட்டும் நடந்துவிட்டது. அவர் காதில் இருந்த கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். இனி அது தேவையில்லை என்பதுபோல. என்னைப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. களைத்த ஒரு மனிதர், தன் மேசைக்கு ஒருவர் கடைசியில் வந்துசேர்ந்ததைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு கைலேஞ்சியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

அந்தப் பிள்ளை தன் பிழை என்று நினைத்தாள். அலுவல் என்றால் என்ன என்று நீதிபதி கேட்டார். கடைக்குப் போறதும் அலுவல்தான் ஐயா, பிள்ளையைக் கக்கூசுக்குக் கொண்டுபோறதும் அலுவல்தான் என்றேன். அங்கே யாரோ சிரித்தார்கள். அப்படியென்றால் அன்று அது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியாது, அடுத்த நாள் சாப்பாடு வேண்டாம் எண்டவர் என்றேன். ஒருவருக்கு உறைப்பு ஆகாது என்பதையும் சொன்னேன். வழக்குக்குத் தேவையா என்று அத்தானின் தரப்பு எழுந்தது. பதியட்டும் என்று நீதிபதி சொன்னார். வெளியே வந்தபோது அந்தப் பிள்ளை கையைப் பிடித்து அழுதாள். நீ சரியாகத்தான் கேட்டாய் பிள்ளை, பிழையாகப் பதில் சொன்னது நான் என்று சொன்னேன்.

நான் கீழே கார்ப் பார்க்குக்கு வர முன்னரே அக்கா உனக்கு எடுத்துவிட்டா. எனக்கும் எடுத்தா. திட்டவில்லை. நீ நல்லாயிரு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டா. எங்கள் ஆட்கள் உறவை அறுக்கும்போதுதான் அதைச் சொல்லுவார்கள், தாரணியைக் கேள்.

உனக்குச் சொல்ல எனக்குப் புத்திமதி அதிகம் இல்லை. கல்யாணத்துக்குப் போகும் பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் ஏதாவது இருக்கவேண்டும் என்பதற்காக இரண்டொன்று. தாரணியோடு சண்டை வந்தால் சத்தம் போடு. மரியாதையாகப் பேசத் தொடங்கினாய் என்றால் நான் பயப்படுவேன். வேலையில் ஆட்களைப் பற்றிப் பேசும்போது ஆட்கள் என்றே சொல். யாராவது நீ சொன்னதைச் சரிபார்க்க, அப்படித்தானே என்று கேட்டால், உடனே பதில் சொல்லாதே. அந்தக் கேள்விக்கு முன்னால் எவ்வளவு சுகம் விரிந்து கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. என் ஒரு சொல்லால் அது எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. விட்டாலும் விடுவார்கள். விட்டாலும் அவர் இங்கே வரப்போவதில்லை, தம்பி. அவருக்காக நாளைத் தள்ளாதே. அந்தப் பெண்ணைக் காத்திருக்க வைக்காதே. கல்யாண நாளை வை. தலைப்பாவைத் தாரணியின் மாமா கட்டட்டும், அவர்களுடைய ஊரில் வேறு மாதிரி மடிப்பார்களாம், பரவாயில்லை. என்னைக் கூப்பிடுவதும் விடுவதும் உன் விருப்பம். கூப்பிட்டால் பந்தியில் இருந்து சாப்பிடுவேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிவிட்டேன். நீ கேட்காத ஒன்று இருக்கிறது. காரில் வரும்போது உன் வாய்வரை வந்து திரும்பிப் போனதைக் கண்டேன். அப்படியென்றால் அந்தக் குளிர் வாங்கில் இருந்தவர் யார்? பெரியப்பா என்னில் உண்மையாகவே அன்பாயிருந்தவரோ? அதைக் கேட்க நீ பயப்படுகிறாய், நான் இல்லை என்றுவிடுவேன் என்று.

இந்தச் சொல்லை நான் இரண்டுதரம் பிழையாகச் சொன்னவள். இந்தமுறை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஓம்.

அம்மா